கணிப்பொறியில் களையெடுக்கும் முறை

நம் சங்கங்களில் தறியும் தராசும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாததாகக் கணிப்பொறியும் இன்று ஆகிவிட்டது. நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடா, பயிர்க்கடன், உர விற்பனை முதலிய கணக்குகள் யாவும் அதிலேயே எழுதப்படுகின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்திற்கு, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது என்பதை அன்பர்கள் அறிவர். கருவி வந்து சேர்ந்துவிட்டது. அதனைப் பேணும் முறையையும் நாம் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

பேணும் முறைகளுள் ஒன்று, வேண்டாத மென்பொருளைக் கணிப்பொறியிலிருந்து தீங்கின்றி நீக்குவது. கேட்பதற்கு இது எளிய காரியமாகவே தோன்றும். எளிது என்று எண்ணிக் கைவைத்ததனால் ஒரு சங்கத்தில் நேர்ந்ததை முதலில் கூறிப் பின்னர் முறையை விளக்குகிறேன்.

ஒரு சங்கத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தை ஆடி மாதத்தில் ஆய்வு செய்தேன். அங்கிருந்த கணிப்பொறி ஒரு பேரேட்டைத் திறப்பதற்குள் ஒரு குவளைத் தேநீர் பருகி முடித்துவிடலாம், அவ்வளவு மந்தம். ஆய்வுக் குறிப்பின் இறுதியில், “கணிப்பொறி மிக மெதுவாக இயங்குகிறது. வேண்டாத மென்பொருள்களை நீக்கி ஆவன செய்க” என்று எழிதிவிட்டு வந்தேன்.

அச்சங்கத்தின் குமாஸ்தா இளைஞர். வேலைக்கு வந்து ஓராண்டுகூட நிரம்பவில்லை. ஆய்வாளர் எழுதியதைச் செய்து முடிக்க வேண்டும் என்ற ஆர்வத்துடன், ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியே அமர்ந்து, கணிப்பொறியின் சேமிப்பு வட்டைத் திறந்து, தமக்குப் பெயர் தெரியாத கோப்புறைகளை ஒவ்வொன்றாக அழித்தார். அழித்தவை சென்று விழும் குப்பைக் கூடையையும் காலி செய்தார். அக்கோப்புறைகளுள் ஒன்று சங்கத்தின் கணக்கு மென்பொருளுக்கு உரியது. ஆறு மாதக் கணக்கும் அதனுள்ளேயே இருந்தது. தனியே எடுத்து வைத்திருந்த நகலோ மார்ச்சு மாத முடிவுக் கணக்கோடு நின்றிருந்தது.

தீபாவளிக்கு முன் நெசவாளர் நாற்பத்தாறு பேருக்குக் கூலி நிலுவையும் போனசும் கொடுத்தாக வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லக் கணக்கு இல்லை. கையால் எழுதிய நாள்வழிப் புத்தகமும் கூலிச் சீட்டுகளும் இருந்தமையால் அனைத்தையும் மீண்டும் பதிவு செய்ய முடிந்தது. அதற்குப் பதினொரு நாட்கள் ஆயின. பட்டுவாடா நடந்தது தீபாவளி கழிந்து நான்காம் நாள். முதியவர் ஒருவர் ஒவ்வொரு மாலையும் சங்கத்தின் வாயிற்படியில் வந்து நின்று, “கணக்கு வந்துட்டுதா, தம்பி?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினார் என்று காரியதரிசி என்னிடம் கூறினார்.

நிர்வாகக் குழு அந்த இளைஞர்மீது நடவடிக்கை எடுக்க முற்பட்டபோது, “ஐயா, தாங்கள் எழுதியதைத்தானே செய்தேன்” என்று அவர் என்னைப் பார்த்துக் கூறினார். அது முற்றிலும் உண்மை. நீக்குக என்று எழுதியவன் நான். எவ்வாறு நீக்குவது என்று எழுதாது விட்டவனும் நான். குழுவின் முன் அதனை ஒப்புக்கொண்டேன். அன்று எழுதாது விட்டதை இப்பொழுது எழுதுகிறேன்.

மென்பொருள் எங்கே தங்குகிறது?

ஒரு மென்பொருள் ஒரே இடத்தில் தங்குவதன்று. இதனை அறியாமையே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். பாவில் உள்ள ஓர் இழையை நோக்குக. அது பாவுருளையில் தொடங்கி, விழுதின் கண்ணில் புகுந்து, அச்சின் பல்லிடையே வந்து, துணியில் முடிகிறது. துணியின் பக்கம் கத்தரித்துவிட்டால் இழை போய்விட்டது என்று நெசவாளர் எவரும் கருதார். மற்ற மூன்றிடங்களிலும் அது இருந்துகொண்டே இருக்கும்.

விண்டோஸ் கணிப்பொறியில் ஒரு மென்பொருளை நிறுவும்போதும் இவ்வாறே நிகழ்கிறது. அதன் முதன்மைக் கோப்புகள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்னும் கோப்புறையில் தங்குகின்றன. அதன் அமைப்புகளும் சில தரவுகளும் வேறு கோப்புறைகளில் தங்குகின்றன. ‘ரெஜிஸ்ட்ரி’ என்னும் பதிவேட்டில் அதன் பெயரும் இடமும் விவரங்களும் எழுதப்படுகின்றன. கணிப்பொறியை இயக்கியவுடன் தானும் தொடங்க வேண்டியவற்றின் வரிசையிலும் சில மென்பொருள்கள் தம் பெயரைச் சேர்த்துக்கொள்கின்றன. திரையில் காணும் சிறு படமோ இவற்றுக்குச் செல்லும் வழிகாட்டிப் பலகை மட்டுமே. படத்தை அழித்தால் பலகை போகும், மென்பொருள் போகாது. கோப்புறையை மட்டும் அழித்தால் பதிவேட்டில் பெயர் நிற்கும்; கணிப்பொறி இல்லாத பொருளைத் தேடித் தடுமாறும். நம் குமாஸ்தாவுக்கு நேர்ந்தது போல, கணக்கும் உடன் அழிந்துபோகலாம்.

ஆகவே முறையாக நிறுவப்பட்ட மென்பொருளை முறையாகவே நீக்க வேண்டும். அதற்கென்று விண்டோசிலேயே ஒரு வாயில் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

வேண்டாதவை எவை?

வேண்டாதவை நான்கு வகைப்படும். முதலாவது, கணிப்பொறியை வாங்கும்போதே உடன் வந்தவை. சில நாட்களுக்கு மட்டும் இலவசமாக இயங்கும் மென்பொருள்கள், விளையாட்டுகள் முதலியன இவ்வகையின. இவற்றால் பெருந்தீங்கு இல்லையெனினும் இடத்தையும் வேகத்தையும் குறைக்கும்.

இரண்டாவது, வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. இலவச மென்பொருள் ஒன்றை நிறுவும்போது, படியாமல் ‘நெக்ஸ்ட்’ என்னும் பொத்தானையே அழுத்திக்கொண்டு சென்றால், நாம் கேளாத இரண்டொன்றும் உடன் புகுந்துவிடும். இணைய உலாவியின் முகப்புப் பக்கம் தானே மாறியிருப்பதும், விளம்பரங்கள் ஓயாது தோன்றுவதும் இதன் அடையாளங்கள்.

மூன்றாவது, ஒரு காலத்தில் வேண்டியிருந்து இன்று வேண்டாதவை. விற்றுவிட்ட பழைய அச்சுப்பொறிக்கு உரிய மென்பொருள் இதற்கு எடுத்துக்காட்டு.

நான்காவது, தீங்கு செய்வதற்கென்றே வந்தவை. கடவுச்சொற்களைத் திருடுவனவும், வெளியிலிருந்து ஒருவர் நம் கணிப்பொறியை இயக்க மறைவாக இடம் கொடுப்பனவும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. முதல் மூன்றும் வயலில் முளைத்த புல் என்றால், நான்காவது கோரை. மேலே பறித்தால் போதாது. மண்ணுள் இருக்கும் கிழங்கு மீண்டும் தழைக்கும்.

தொடலாகாதவை எவை?

களை எது, பயிர் எது என்று அறியாதவரைக் களையெடுக்க வயலில் இறக்குவார் இல்லை. நாற்றுப் பருவத்தில் நெல்லைப் போன்றே தோன்றும் புல்லும் உண்டு. புல்லைப் போன்று தோன்றும் நெல்லும் உண்டு. கணிப்பொறியின் பட்டியலிலும் வேண்டாதவை போலத் தோன்றும் வேண்டியவை பல.

‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள்’ என்ற நீண்ட பெயர் வெவ்வேறு ஆண்டுகளுடன் பல முறை காணப்படும். ஒன்றே பலமுறை வந்துவிட்டது என்று எண்ணி நீக்குவோர் உளர். அவை வெவ்வேறானவை. ஒவ்வொன்றையும் நம்பி ஏதேனும் ஒரு மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கலாம். ‘டாட் நெட்’ என்பதும் அத்தகையதே. திரை, ஒலி, அச்சுப்பொறி முதலியவற்றை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருள்களையும், டிஜிட்டல் கையொப்பச் சாதனத்திற்கு உரிய மென்பொருளையும் தொடலாகாது.

ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ மட்டும் பயன்படுவனவும் உண்டு. வரி விவரங்களைத் தாக்கல் செய்வதற்கும், தணிக்கைக்கு அறிக்கை தயாரிப்பதற்கும் உரியவை மற்ற மாதங்களில் உறங்கிக் கிடக்கும். ஆறு மாதமாக ஒருவரும் திறக்கவில்லை என்பது அவற்றை நீக்குவதற்குக் காரணம் ஆகாது.

தமிழ்ச் சங்கங்களில் இன்னும் ஒன்று நினைவில் வைக்கத்தக்கது. ஒருங்குறி முறை பரவுவதற்கு முன் நம் அலுவலகங்களில் தனித்தனி எழுத்துருக்களில் தமிழைத் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு கணிப்பொறியில் இல்லையெனில், அதில் எழுதிய கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே காட்சியளிக்கும். ஒரு சங்கத்தில், பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை எழுத்துருக்களோடு நீக்கிவிட்டு, நிர்வாகக் குழுத் தீர்மானங்கள் யாவும் கெட்டுவிட்டன என்று கலங்கினார்கள். தீர்மானங்கள் கெடவில்லை; எழுத்துருவை மீண்டும் நிறுவியதும் அவை முன்போலவே தோன்றின. ஆயினும் அதற்குள் பொதுப்பேரவைக் கூட்டத் தேதி கடந்துவிட்டது.

நீக்குவதற்கு முன் செய்யத்தக்கவை

முதற்கண், பட்டியல் எழுதுக. கணிப்பொறியில் உள்ள மென்பொருள்கள் யாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பயனையும் அதைப் பயன்படுத்துவோர் பெயரையும் குறித்து வருக. காரியதரிசி, குமாஸ்தா, விற்பனையாளர் ஆகிய அனைவரிடமும் கேட்க வேண்டும். எதற்கு எதிரே ஒன்றும் எழுத முடியவில்லையோ, அது ஐயத்திற்கு உரியது. நீக்கத்தக்கது என்று பொருளன்று. அதன் பெயரையும் வெளியிட்டோர் பெயரையும் இணையத்தில் தேடி, மென்பொருளை வழங்கியவரிடமும் கேட்டுத் தெளிக.

இரண்டாவதாக, கணக்கு எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து நகல் எடுக்க. கணக்கு மென்பொருளிலேயே ‘பேக்கப்’ என்னும் வசதி பெரும்பாலும் இருக்கும். நகலை அதே கணிப்பொறியில் வைத்தல் வீண். தனி வட்டிலோ பென் டிரைவிலோ எடுத்து, அதைக் கழற்றிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். கழற்றாது விட்டால், கோப்புகளைப் பூட்டும் தீய மென்பொருள் நகலையும் பூட்டிவிடக்கூடும். எடுத்த நகலை இன்னொரு கணிப்பொறியில் திறந்து, நேற்றைய தேதியின் கணக்கு அதில் இருக்கின்றதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். திறந்து பாராத நகல், எண்ணிப் பாராத ரொக்க இருப்புக்கு ஒப்பாகும்.

மூன்றாவதாக, மீட்புப் புள்ளி ஒன்றை ஏற்படுத்துக. தேடும் கட்டத்தில் ‘கிரியேட் எ ரிஸ்டோர் பாயிண்ட்’ என்று தட்டச்சு செய்தால் அதற்குரிய பலகை தோன்றும். பாதுகாப்பு நிறுத்தப்பட்டிருந்தால் முதலில் அதை இயக்கி, பின்னர் புள்ளியை ஏற்படுத்த வேண்டும். நீக்கத்தால் கோளாறு நேர்ந்தால் விண்டோசின் அமைப்புகளை அந்நாளின் நிலைக்கு இது திருப்பித் தரும். ஆனால் நாம் எழுதிய கோப்புகளை இது திருப்பித் தராது. எனவே மீட்புப் புள்ளி நகலுக்கு ஈடாகாது.

நான்காவதாக, மாத முடிவிலும் பட்டுவாடா வாரத்திலும் இவ்வேலையைத் தொடாதிருக்க. நடவு நாளில் எவரும் வாய்க்காலைத் தூர் வாரார்.

நீக்கும் முறை

ஐயத்திற்குரிய மென்பொருளை உடனே நீக்காமல் முதலில் உறங்க வைப்பது நலம். விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ தோன்றும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ என்னும் பகுதியில், கணிப்பொறியோடு தாமும் தொடங்கும் மென்பொருள்களின் பெயர்கள் இருக்கும். வேண்டாததைத் தெரிந்தெடுத்து ‘டிஸேபிள்’ என்பதை அழுத்தினால் அது மறுமுறை தானாகத் தொடங்காது. மென்பொருளோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு மாதக் கணக்கு முடியும் வரை எவ்விதத் தடையும் நேரவில்லையெனில் அதை நீக்கலாம். பல சமயங்களில் இந்த ஒரு செயலாலேயே வேகம் திரும்பிவிடுவதையும் கண்டிருக்கிறேன். வைரசுத் தடுப்பு மென்பொருளையும் கையொப்பச் சாதனத்திற்கு உரியதையும் இவ்வாறு உறங்க வைக்கலாகாது. தீங்கு செய்வது என்று உறுதியானதற்கும் இக்காலத் தவணை பொருந்தாது. அதனை உடனே நீக்க வேண்டும்.

நீக்கும் நாளில் செய்யத்தக்கது வருமாறு: அந்த மென்பொருள் திறந்திருந்தால் மூடுக. விண்டோஸ் 11-இல் ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘ஆப்ஸ்’ என்பதிலும் அதனுள் ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ என்பதிலும் செல்க. நிறுவப்பட்டவை யாவும் பெயர், தேதி, அளவு ஆகியவற்றோடு தோன்றும். தொல்லை எந்த நாளில் தொடங்கியதோ அந்நாளை ஒட்டி நுழைந்தவற்றைத் தேதியைக் கொண்டு எளிதில் கண்டறியலாம். உரிய பெயருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘அன்இன்ஸ்டால்’ என்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும். ‘கண்ட்ரோல் பேனல்’ வழியாக ‘புரோகிராம்ஸ் அண்டு ஃபீச்சர்ஸ்’ என்னும் பகுதிக்குச் சென்றும் இதனைச் செய்யலாம்.

அப்பொழுது தோன்றும் ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்திப் படிக்க. “பயனருடைய தரவையும் அழிக்கலாமா?” என்று சில மென்பொருள்கள் வினவும். கணக்கு தொடர்பான எதுவாயினும் இதற்கு இசையலாகாது. இன்னும் சில, போகும்போதும் வேறொன்றை நிறுவிவிட்டுப் போக முயலும். பொத்தான்களின் இடத்தை மாற்றி வைத்து நம்மை மயக்கும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே நீக்கிக் கணிப்பொறியை மூடித் திறந்து, கணக்கு மென்பொருளும் அச்சுப்பொறியும் இயங்குகின்றனவா என்று பார்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஐந்தை ஒருங்கே நீக்கிவிட்டால், கோளாறு எதனால் நேர்ந்தது என்று காண்பது அரிது.

நீக்கிய பின்னும் எஞ்சுவன

உலாவியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘எக்ஸ்டென்ஷன்’ எனப்படும் துணைக்கருவிகள் மேற்கூறிய பட்டியலில் தோன்றா. உலாவியின் உள்ளேயே சென்று அவற்றை நீக்கி, முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் சரிசெய்ய வேண்டும். திரையின் மூலையில் அடிக்கடி அறிவிப்புகள் தோன்றினால், எந்த வலைத்தளத்திற்கு அறிவிப்பு அனுப்ப நாம் அறியாது இசைவு தந்தோமோ, அவ்விசைவை ரத்து செய்தல் போதும்.

எஞ்சி நிற்பதன் ஆபத்துக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. லெனோவா நிறுவனம் 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் விற்ற சில மடிக்கணிப்பொறிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்னும் விளம்பர மென்பொருளை நிறுவியே அனுப்பியது. வங்கித் தளம் மெய்யானதா என்று உலாவிக்குச் சான்று கூறும் முத்திரைகளுக்கு இடையே அம்மென்பொருள் தன் முத்திரையையும் வைத்தது. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இது வெளிப்பட்டது. மென்பொருளை நீக்கிய பின்னரும் முத்திரை மட்டும் கணிப்பொறியிலேயே தங்கியிருந்தது. அதனைப் பயன்படுத்திப் போலித் தளங்களை மெய்யெனக் காட்டப் பிறருக்கு வழி இருந்தது. பின்னர் லெனோவா தனி நீக்குக் கருவியை வெளியிட்டது; மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் தன் பாதுகாப்பு மென்பொருள் அம்முத்திரையை நீக்குமாறு செய்தது.

ஆகையால் ஐயத்திற்குரிய ஒன்றை நீக்கிய பின், ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்னும் பகுதியைத் திறந்து முழுச் சோதனை செய்க. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ‘டிஃபெண்டர்’ உடனேயே உள்ளது. தனியே விலை கொடுக்க வேண்டுவதில்லை. அதன் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கணிப்பொறியை மூடித் திறந்து, விண்டோஸ் முழுதும் எழுமுன்பே சோதிப்பதால், மறைந்து நிற்பனவும் அகப்படும்.

மருத்துவராக வரும் பகைவர்

கணிப்பொறியைத் தூய்மை செய்து தருவதாகக் கூறும் மென்பொருள்கள் பல உள. “உங்கள் கணிப்பொறியில் நூற்றுக்கணக்கான பிழைகள்” என்று திரையில் தோன்றும் எச்சரிக்கைகளுள் பெரும்பாலானவை பொய். ரெஜிஸ்ட்ரியைத் தூய்மை செய்யும் கருவிகளைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே கூறியுள்ளது. பதிவேட்டில் தவறான ஒரு வரி அழிந்தால் விண்டோஸ் முழுதுமே இயங்காது போகலாம்.

நற்பெயர் பெற்ற கருவியும் நஞ்சாதல் உண்டு. 2017-ஆம் ஆண்டு ‘சிகிளீனர்’ என்னும் புகழ்பெற்ற தூய்மைக் கருவியின் ஒரு பதிப்பில், வெளியிடும் நிறுவனம் அறியாமலேயே பகைவர்கள் தீய நிரலைப் புகுத்திவிட்டனர். உண்மையான தளத்திலிருந்தே பெற்ற 22 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணிப்பொறிகளை அது சென்று சேர்ந்தது.

நீக்கும் கருவியே கேடு விளைத்த வரலாறும் உண்டு. 2005-ஆம் ஆண்டு சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டுகள் சிலவற்றைக் கணிப்பொறியில் இட்டவுடன், நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று நிறுவப்பட்டுத் தன்னை மறைத்துக்கொண்டது. அதைக் கையால் அழித்தவர்களின் வட்டு இயக்கி செயலிழந்தது. எதிர்ப்பு எழுந்த பின் தந்த நீக்குக் கருவியோ கணிப்பொறியில் புதியதொரு பாதுகாப்புத் துளையை உண்டாக்கியது. அவ்வாண்டு நவம்பரில் அத்தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

தொலைபேசி வழியே வரும் உதவியாளரிடத்தும் எச்சரிக்கை தேவை. “வங்கியிலிருந்து பேசுகிறோம், இதை நிறுவுங்கள், சரிசெய்து தருகிறோம்” என்று கூறி, தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் செய்து பணத்தைக் கவர்கின்றனர். 2019-ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி இத்தகைய மோசடி குறித்து எச்சரித்தது. அம்மென்பொருள் தன்னளவில் தீயதன்று. சங்கத்திற்குக் கணக்கு மென்பொருள் வழங்கியவரே அதனைப் பயன்படுத்துவதுண்டு. நாம் அழைத்தவரா, தாமே அழைத்தவரா என்பதே வேறுபாடு. வேலை முடிந்ததும் அதனையும் நீக்கிவிடுதல் நன்று.

நம்மால் இயலாதபோது

நீக்கியது மீண்டும் வந்து நின்றாலோ, டிஃபெண்டர் தானே நிறுத்தப்பட்டிருந்தாலோ, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தகுதியுடையவரை அழைக்க வேண்டும். இந்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு 2017-இல் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ தீய நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. பணம் கவரப்பட்டிருந்தால் ஒரு மணி நேரமும் தாழ்க்காமல் 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்து, வங்கிக்கும் கூறுக. கடவுச்சொற்களை வேறொரு தூய கணிப்பொறியிலிருந்து மாற்றுக. நோயுற்ற கணிப்பொறியிலிருந்து மாற்றினால் புதிய சொல்லும் திருடர் கைக்கே போகும்.

‘ரீசெட்’ என்னும் இறுதி வழியும் உண்டு. “என் கோப்புகளை வைத்துக்கொள்” என்று தெரிந்தெடுத்தாலும், நாம் நிறுவிய மென்பொருள்கள் யாவும் அதில் நீங்கும். அவற்றின் கோப்புறைக்குள் இருந்த கணக்கும் நீங்கும் என்று அறிக. நகல் கையில் இல்லாதவர் இவ்வழியில் இறங்கலாகாது.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதில் இயங்கும் பழைய கணிப்பொறியில் எத்துணைக் களையெடுத்தாலும் வேலி இல்லாத வயலாகவே அது இருக்கும். நிர்வாகக் குழு மாற்று ஏற்பாட்டைக் கருதுதல் கடமை.

நினைவில் கொள்ளத்தக்கவை

பட்டியல் எழுதாமல் நீக்கலாகாது. திறந்து பார்த்த நகல் இன்றி நீக்கலாகாது. கோப்புறையை அழித்தல் நீக்குதல் ஆகாது. ஒரு நாளில் ஒன்று. ஒவ்வொன்றின் பின்னும் சோதனை. ஐயமுள்ளதை உறங்க வைக்க. தீயது என்று உறுதியானதை உடனே நீக்குக. நாமாகத் தேடிச் செல்லாத உதவியை ஏற்கலாகாது. நீக்கிய பொருள், தேதி, காரணம், நீக்கியவர் கையொப்பம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுக.

மேற்கூறிய சங்கத்தில் இன்று அத்தகைய பதிவேடு ஒன்று இருக்கிறது. அதை எழுதி வருபவர் அதே குமாஸ்தாதான். வெள்ளிக்கிழமைதோறும் நகலெடுத்து, அதைக் காரியதரிசியின் முன்னிலையில் திறந்து காட்டிய பின்னரே வீடு திரும்புகிறார். நானும் என் ஆய்வுக் குறிப்புகளில் “ஆவன செய்க” என்று எழுதுவதை விட்டுவிட்டேன். எதை, எப்படி, எந்த நாளுக்குள் என்று எழுதுகிறேன். சங்கத்தில் அமர்ந்து ஒரு முறை செய்தும் காட்டுகிறேன்.